ஜிக் தலையை வாங்குவதா, நாமே வார்ப்பதா?

போன மாதம் சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் ஒரு தம்பி என் பக்கத்தில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இரவு ஒன்பது மணி இருக்கும், நீர் வற்றத் தொடங்கிய நேரம். அரை மணி நேரத்தில் மூன்று ஜிக் தலைகளைத் தூணுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டார். தூணில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்தியைவிட மோசம், தூண்டில் நரம்பு லேசாக உரசினாலே போதும். நான்காவதைக் கட்டும்போது, "அண்ணே, நீங்க இதெல்லாம் வீட்டுலயே ஊத்துவீங்களாமே? ஊத்துனா லாபமா?" என்று கேட்டார்.

"ஊத்தினேன் தம்பி, இப்ப ஊத்துறதில்ல" என்றேன். அதற்குள் என் நரம்பும் மாட்டிக்கொண்டது. அங்கே சொல்ல முடியாமல் போன மீதிதான் இது.

தொழிலுக்குப் புதியவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஜிக் தலை என்பது தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் ஒன்றாக வார்த்த பொருள். முள்ளின் கழுத்து மேல்நோக்கி வளைந்திருக்கும், அந்த வளைவைச் சுற்றி ஈயம் உட்கார்ந்திருக்கும். ரப்பர் மீனை முள்ளில் கோத்து எறிந்தால் தலை முதலில் கீழே போகும், முள்ளின் நுனி மேலே பார்த்தபடி வரும். நீரோட்டம் இழுக்கும்போது பிடோக்கில் 14 கிராமுக்குக் குறைந்தால் அடியைத் தொடுவதே தெரியாது. லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் பீக்காக் பாஸ் மீனுக்கு 5 கிராமோ 7 கிராமோ போதும். நீர்த்தேக்கங்களில் உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரை மட்டும்தான். அதனால் ரப்பர் மீனை விரும்பாதவர்கள்கூட அங்கே போனால் அதைத்தான் கோக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கடைச்சரக்கு. நான் வழக்கமாக வாங்கும் கடையில் 10 கிராம் தலை ஐந்து கொண்ட பாக்கெட் 6 சிங்கப்பூர் வெள்ளி. பார்க்க அழகாக இருக்கும், கண்ணெல்லாம் ஒட்டியிருப்பார்கள். இணையத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். குறை எங்கே என்றால் முள்ளில். சில வருடங்களுக்கு முன்பு பாசிர் ரிஸ்ஸில் ஒரு சியாக்காப் கடித்தது, நாம் கொடுவா என்று சொல்வோமே, அதுதான். மூன்று கிலோவுக்குக் குறையாது என்று இன்றைக்கும் சொல்வேன், பார்த்த சாட்சி யாரும் இல்லை. இரண்டு முறை தண்ணீரைவிட்டு மேலே வந்து தலையை உதறியது, மூன்றாவது முறை நரம்பு லேசானது. சுருட்டிப் பார்த்தால் ரப்பர் மீன் அப்படியே இருக்கிறது, முள் மட்டும் குண்டூசிபோல நிமிர்ந்து கிடக்கிறது. மலிவான ஜிக் தலைகளில் மெல்லிய கம்பி முள்தான் போடுகிறார்கள். சின்ன மீனுக்கு அது நல்லது, சுலபமாகக் குத்தும். கொடுவாவுக்கும் தோமான் என்ற பெரிய விரால் வகைக்கும் அது ஆகாது. நல்ல தடித்த முள் வைத்த ஜப்பான் சரக்கும் உண்டு, விலை இரண்டு மடங்கு. அதுவும் நான் கேட்கும் எடையில் பாதி நாள் இருக்காது.

வார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது, காசை மிச்சம் பிடிக்க அல்ல. வாங்குவதா வார்ப்பதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் காசுக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடலாம்.

கடைத் தலை ஒன்று 1.20 வெள்ளி. நாமே ஊற்றினால் நல்ல முள்ளுக்கு 35 காசு, ஈயத்துக்கும் சாயத்துக்கும் சேர்த்து 10 காசு. ஒரு தலைக்கு 75 காசு மிச்சம். அச்சு, உருக்குச் சட்டி, கரண்டி, தோல் கையுறை, கண்ணாடி எல்லாம் சேர்த்து எனக்கு ஏறக்குறைய 200 வெள்ளி ஆனது. ஆக 267 தலை ஊற்றிய பிறகுதான் போட்ட காசு திரும்பி வரும். மாதம் இரண்டு முறை போய், ஒவ்வொரு முறையும் நான்கைத் தொலைத்தால் வருடத்துக்கு 96. அந்த வேகத்தில் தொலைத்தாலும் இரண்டே முக்கால் வருடம் ஆகும். அதற்குள் 7 கிராமுக்கு ஓர் அச்சு, 14 கிராமுக்கு ஓர் அச்சு, தட்டையான தலைக்கு ஓர் அச்சு என்று கை அரிக்கும். எனக்கு அரித்தது. ஆகவே காசுக்காக ஊற்றாதீர்கள். விருப்பப்பட்ட முள்ளை, விருப்பப்பட்ட எடையில் உட்கார வைக்கலாம் என்பதற்காக ஊற்றினால் அது நியாயமான காரணம்.

சரி, எங்கே ஊற்றுவது? சிங்கப்பூரில் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். நம்மில் பெரும்பாலானவர்கள் வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். சமையலறையில் ஈயம் உருக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீயணைப்பு விதி ஒருபுறம் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை சைக்கிள் ஓட்டும் இடத்தில் 350 டிகிரியில் கொதிக்கும் சட்டியை எப்படி வைப்பது? புளோக்கின் கீழே இருக்கும் வெற்றுத்தளம், கார் நிறுத்துமிடம் எதுவும் சரிப்படாது. நான் எல்லை தாண்டி, மலேசியாவில் ஜொகூர் பக்கம் இருக்கும் மாசாய்க்குப் போனேன். என் மச்சானுக்கு அங்கே தரைவீடு, பின்னால் தகரக் கொட்டகை, மூன்று பக்கம் காற்று. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே காஸ்வேயைத் தாண்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஈயம் உருகுவதற்கு முன்னால் நாம் உருகிவிடுவோம்.

ஈயம் 327 டிகிரியில் உருகும். ஊற்றுவதற்கு 350 முதல் 400 வரை இருந்தால் போதும். மின்சாரச் சட்டி வாங்குகிறீர்கள் என்றால் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவுக்கென்று செய்த 120 வோல்ட் சட்டியை நம் 230 வோல்ட்டில் செருகினால் முதல் வார்ப்போடு சட்டியின் கதையும் முடிந்தது. அச்சு என்பது கீல் வைத்த இரண்டு அலுமினியப் பலகை, உள்ளே பணியாரச் சட்டிபோலக் குழிகள். முள்ளைக் குழியில் படுக்க வைத்து, மூடி, மேலே உள்ள வாயில் ஊற்ற வேண்டும். முதல் நான்கைந்து தலைகள் நிச்சயம் தேறாது. கல் காயாமல் ஊற்றிய முதல் தோசை மாதிரி, பாதி நிரம்பி, மேலெல்லாம் சுருக்கத்தோடு வரும். குழியில் மெழுகுவர்த்திப் புகையைக் காட்டிக் கரி படிய விட்டால் ஈயம் வழுக்கிக்கொண்டு போய் மூலையெல்லாம் நிரப்பும். அச்சு சூடேறிய பிறகு ஒவ்வொன்றும் கண்ணாடிபோல வரும். திறந்து, வாலைக் கட்டரால் நறுக்கி, அந்தத் துண்டை மீண்டும் சட்டியில் போட்டு, அடுத்தது. அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, மீன் பிடிப்பதைவிடச் சுகம் என்று சொன்னால் தூண்டில்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஈயம் எங்கே கிடைக்கும்? பழைய முக்குளிப்பு எடைகள் நல்லவை. டயர் கடையில் கழற்றிப் போடும் சக்கர எடைகளும் உண்டு, ஆனால் இப்போது அவற்றில் இரும்பும் துத்தநாகமும் அதிகம். கட்டரால் கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஈயம் வெண்ணெய்போல வழிவிடும். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும், ஈயத்தைவிட லேசு. சட்டியை 400க்குக் கீழே வைத்திருந்தால் அது மிதக்கும், அள்ளி எறியலாம். கவனிக்காமல் உருகிக் கலந்துவிட்டால் மொத்தச் சட்டியும் கூழ்போல ஆகி, அச்சில் ஓடாது. கார் பேட்டரியை உடைத்து எடுத்த ஈயத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் அமிலமும், உள்ளே கலந்திருக்கும் ஆர்செனிக், ஆன்டிமனி போன்றவையும் சேர்ந்து விஷவாயு கிளப்பக்கூடியவை.

இரண்டாவது தடவை போனபோதுதான் பயம் வந்தது. முந்தைய இரவு மாசாயில் நல்ல மழை. கொட்டகை ஓரத்தில் இருந்த ஈயக் கட்டி ஒன்றை மச்சான் எடுத்து, சட்டையில் துடைத்துவிட்டு, உருகி நின்ற சட்டிக்குள் விட்டார். கட்டியின் அடியில் ஒரு சின்னக் குழி, அதில் சொட்டுத் தண்ணீர். 'பட்' என்று ஒரு சத்தம். தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி விரிந்து, மேலே இருந்த ஈயத்தை வாரி அடித்தது. தகரக் கூரையில் மழை பெய்ததுபோலச் சடசடவென்று கேட்டது. அவர் ஜீன்ஸில் மூன்று ஓட்டை, என் கண்ணாடியில் ஒரு வெள்ளிப் பொட்டு. கண்ணாடி இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அதற்குப் பிறகு எந்தக் கட்டியாக இருந்தாலும் சட்டியின் விளிம்பில் வைத்துக் காய்ந்த பிறகுதான் உள்ளே போகும்.

தெறிப்பதாவது கண்ணுக்குத் தெரியும். நஞ்சு தெரியாது. புகைக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். 400 டிகிரிக்குள் வைத்திருந்தால் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு, சட்டியை 500 பக்கம் போக விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட ஆபத்து, மேலே பாலாடைபோலப் படியும் சாம்பல் நிறக் கசடு. அதை வழித்துப் போடும்போது மாவுபோலப் பறக்கும். அது கையில், சட்டையில், காலணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். குழந்தை தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும். ஈயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் தெரியவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தைகளுக்கு அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

என் அம்மா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "ஈயச்சொம்புல ரசம் வச்சுத்தானே உங்கள எல்லாம் வளத்தேன்?" என்பார். அது வெள்ளீயம் அம்மா, இது காரீயம். இரண்டுக்கும் தமிழில் ஒரே செல்லப்பெயர் என்பதால் வந்த வினை. அவருடைய சொம்பு 232 டிகிரியில் உருகும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு அரட்டை அடித்தால் ஓட்டையாகும். ஆனால் நஞ்சில்லை. காரீயத்தைச் சமையல் பாத்திரத்தில் உருக்கக் கூடாது. உருக்கிய சட்டி மறுபடி சமையலறைக்குள் வரவே கூடாது. மாசாயில் ஒரு பழைய சட்டையும் காலணியும் வைத்திருந்தேன், அவை காஸ்வேயைத் தாண்டியதே இல்லை.

இந்த அலைச்சல் எல்லாம் வேண்டாம் என்று நான் அடுத்து முயன்றது பிஸ்மத் கலவை. 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த உலோகம் 138 டிகிரியில் உருகிவிடும். தோசைக்கல் சூடே போதும். காரீயம் துளியும் இல்லை. பிஸ்மத்தை வயிற்றுக்கோளாறு மருந்திலேயே சேர்க்கிறார்கள். இறுகும்போது பெரும்பாலான உலோகங்கள் சுருங்கும், பிஸ்மத் விரியும். அதனால் அச்சின் ஒவ்வொரு கோடும் அச்சு அசலாக வருகிறது. தனியாக ஒரு சின்ன எஃகுக் கிண்ணம், மின்னடுப்பு, திறந்த சன்னல். வீவக வீட்டில் நெருப்புக் கவனத்தோடு செய்யக்கூடிய ஒரே வார்ப்பு இதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலை ஈயத்தைப்போலப் பல மடங்கு. எடையும் குறைவு. 10 கிராம் ஈய அச்சில் ஊற்றினால் ஏழரை கிராம்தான் நிற்கும், ஒரு அளவு பெரிய அச்சு வாங்க வேண்டும். நொறுங்கும் குணமும் உண்டு. ஈயம் பாறையில் மோதினால் நசுங்கும், இது விண்டுபோகும். ரப்பரைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்னக் கழுத்துதான் முதலில் உடைகிறது.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்று இருக்கிறது. ஈயத் தலைகளுக்குப் பொடிச் சாயம் பூசும் வழக்கம் எனக்கு. தலையைச் சூடாக்கிப் பொடியில் ஒரு முக்கு, பிறகு டோஸ்டர் அடுப்பில் 175 டிகிரியில் கால் மணி நேரம். சாயம் கல்போல இறுகிவிடும், ஈயமும் கையில் ஒட்டாது. பழக்க தோஷத்தில் பிஸ்மத் தலைகளையும் அப்படியே முக்கி, பன்னிரண்டை வரிசையாகத் தொங்கவிட்டு, காப்பி கலக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பன்னிரண்டு முட்கள் அம்மணமாகத் தொங்குகின்றன, தட்டில் பச்சைச் சாயம் கலந்து ஒரு வெள்ளிக் குட்டை. 138 என்ற எண்ணை நானே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இப்போது பிஸ்மத்துக்கு நகப்பூச்சுதான். மனைவியிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

டங்ஸ்டனைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அது 3,400 டிகிரிக்கு மேல் உருகும் உலோகம், நாம் வார்க்கும் கதையே இல்லை, பொடியை அழுத்திச் சுட்டுச் செய்கிறார்கள். ஈயத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் கனம், அதனால் அதே எடைக்குத் தலை சின்னது. கெட்டியாக இருப்பதால் கல்லில் பட்டாலும் மணலில் பட்டாலும் தூண்டில் கம்பில் வித்தியாசமாகக் கேட்கும். நீர்த்தேக்கத்தில், தெளிந்த தண்ணீரில், சின்ன ரப்பர் மீனோடு 5 கிராம் டங்ஸ்டன் அருமை. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள், டங்ஸ்டன் இளித்தால் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றின் விலையில் மூன்று நான்கு ஈயத் தலை வாங்கலாம். பிடோக் தூணுக்கு அதைக் காணிக்கை கொடுக்க எனக்கு மனசு வராது.

ஈயம் வேண்டாம் என்பதற்கு நம் உடம்பைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் கரையில் சிந்திய ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்தன. 1987 முதல் அங்கே 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள பெரும்பாலான ஈயத் தூண்டில் எடைகளை விற்கத் தடை. நம் நீர்த்தேக்கத் தண்ணீர் நாம் குடிக்கும் தண்ணீர். ஒரு குண்டு விழுந்தால் ஒன்றும் ஆகாதுதான். இருந்தாலும் சிலேத்தாரில் நான் ஈயம் கட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கடைசியாக, நான் இப்போது அதிகம் புழங்குவது. பெரிய காதுள்ள ஒரு ரஷ்யப் பொம்மையின் பெயரால் செபுராஷ்கா என்கிறார்கள். உருண்டை எடை, இரண்டு பக்கமும் கம்பி வளையம், காதுகள்போல. ஒரு பக்கம் நரம்பு, மறுபக்கம் நீங்கள் விரும்பும் முள். ஊற்ற வேண்டாம், உருக்க வேண்டாம். கம்பியை உருவி, முள்ளை மாட்டி, திரும்பச் செருகினால் ஜிக் தலை தயார். அகன்ற வளைவுள்ள தடித்த முள்ளைப் போட்டு, நுனியை ரப்பருக்குள்ளேயே புதைத்துவிட்டால் சிப்பியில் மாட்டுவது பாதியாகக் குறைகிறது. முள்ளும் எடையும் ஒட்டாமல் ஆடுவதால் மீன் தலையை உதறும்போது எடையை வைத்து முள்ளை நெம்ப முடிவதில்லை. கொடுவா உதறி எறிவது எனக்குக் குறைந்திருக்கிறது. இது என் கை அனுபவம், அவ்வளவுதான். குறை என்றால் எறியும்போது சில நேரம் முள் நரம்பில் சுற்றிக்கொள்ளும், ரப்பர் மீன் வார்த்த தலையில் நிற்பதுபோல நேராகவும் நிற்காது. அடியில் நிற்க வைத்து மெதுவாகத் தட்டி ஆட்டுபவர்களுக்கு இது பிடிக்காது.

கடைச்சரக்கு, ஈய வார்ப்பு, பிஸ்மத், டங்ஸ்டன், செபுராஷ்கா, இந்த ஐந்தில் எது? அந்தத் தம்பிக்கு நான் சொல்வது: வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, தரைவீட்டுச் சொந்தக்காரர் யாரும் பழக்கமில்லை என்றால் ஈய வார்ப்பை மறந்துவிடுங்கள். படகுத்துறைக்குச் செபுராஷ்காவும் தடித்த முள்ளும் வாங்குங்கள், நீர்த்தேக்கத்துக்கு நான்கு டங்ஸ்டன் வைத்துக்கொள்ளுங்கள். கை துறுதுறுவென்று இருக்கிறது, ஏதாவது வார்த்தே ஆக வேண்டும் என்றால் பிஸ்மத். மாதம் ஒரு தடவை மட்டும் போகிறவர் என்றால் எதையும் யோசிக்காமல் கடைப் பாக்கெட் வாங்குங்கள், முள்ளை மட்டும் இரண்டு விரலால் நெம்பிப் பார்த்துவிட்டு. எதை எடுத்தாலும் ஈயத்தைத் தொட்ட கையோடு கறிபப் சாப்பிடாதீர்கள், குண்டைப் பல்லால் கடித்து இறுக்காதீர்கள். இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

என் அச்சுகள் இன்னும் மாசாயில்தான் இருக்கின்றன. மச்சானுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை, மழையில்லாத வாரமாகப் பார்த்து, 14 கிராம் உருண்டையில் ஐம்பது ஊற்றித் தருகிறார். முள் நான் வாங்கிக் கொடுப்பது. போன தடவை பையை நீட்டும்போது, "கட்டியெல்லாம் வெயில்ல காயவச்சிட்டுத்தான் போட்டேன் மச்சான்" என்றார், ஜீன்ஸைத் தொட்டுக் காட்டி.